யாகப்பரின் குதிரையும் எங்கள் குதிரையும்

ஈரச் சாக்கை வெயிலில் காயப்போட்டால் எழும் வாசமும் நசுக்கிய புல்லின் வாசமும் ஒன்றாகச் சேர்ந்தால் எப்படி இருக்குமோ, அதுதான் எங்கள் குதிரையின் கழுத்து வாசம். வலையும் கருவாடும் மணக்கிற குருநகர் வளவுகளுக்குள் எங்கள் வளவில் மட்டும்தான் அந்த வாசம் இருந்தது.

அப்பா சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டுபோய் மருதனார்மடம் சந்தையில் விற்கிறவர். ஒரு மழைநாளில் பெட்டியோடு விழுந்து முழங்கால் சில்லு உடைந்தது. பிறகு மெல்ல நடக்க முடிந்தது. சைக்கிள் மிதிக்க முடியவில்லை. சந்தையில் அவருடைய இடம் பறிபோனால் இனி மற்றவர்களின் வாடியில் கூலிக்கு மீன் வெட்டித்தான் சீவிக்கவேண்டும். மாட்டு வண்டியில் போகலாமே என்று சொன்னவர்களிடம், மாடு போய்ச் சேரமுதல் மீன் நாறிவிடும் என்றார். அப்படித்தான் எங்கள் வீட்டில், குதிரைகள் மலிந்த தீவான நெடுந்தீவில் ஒன்று வாங்குகிற பேச்சு தொடங்கியது. "மீன்காரனுக்குக் குதிரையாம், இனி ராசா வந்து சூடை மீன் நிறுத்துத் தருவார்" என்று ஒழுங்கை முழுக்கப் பகிடி.

ஆமிக்காரர் கோட்டைக்குள் அடங்கியிருந்த சண்டைக்காலம் அது. கடலில் நேவி திரிந்ததால் நன்றாக விடிந்த பிறகே வெளிக்கிட்டோம். அப்பாவின் தம்பியை நாங்கள் 'குஞ்சியப்பு' என்போம். அவருடைய வள்ளத்தில்தான் போனோம். அம்மாவும் வந்தார். "உவர் தனியப் போனால் வடிவைப் பாத்து மயங்கிப்போவார்" என்று என் காதுக்குள் சொன்னார். என்னைப் பார்க்க வீட்டில் ஆளில்லாததால் நானும் போனேன்.

நெடுந்தீவில், கல்லால் அடுக்கிய வேலிக்குள் ஒரு கிழவர் இரண்டு குதிரைகளைக் கட்டி வைத்திருந்தார். எங்கள் ஆட்களுக்குக் குதிரை தெரியாது, தெரிந்ததெல்லாம் வள்ளம். குஞ்சியப்பு, வள்ளத்தின் முன்முனையான அணியத்திலிருந்து பலகைகளின் ஓட்டம் பார்ப்பதுபோல் முன்னால் குந்தியிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், விலாவில் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார், பிறகு வள்ளம் விசாரிக்கிற பழக்கத்தில் வாய்தவறி, "எப்ப கட்டினது?" என்றார்.

"கட்டேல்லைத் தம்பி, தாய் போட்டது" என்றார் கிழவர் சிரிக்காமல்.

ஒன்று வெள்ளை, உயரம், கழுத்தை வளைத்து நின்றது. எங்கள் வேதக் கோயிலில் புனித யாகப்பர் வெள்ளைக் குதிரையில் வாளோடு இருக்கிற சுரூபத்தைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவர் அப்பா. அந்தக் குதிரைக்கு முன்னால் தலைத்துண்டைக் கழற்றிவிட்டார். மற்றது குள்ளமான, வயிறு பெருத்த மண்ணிறப் பெட்டைக் குதிரை. அதை அவர் பார்க்கவேயில்லை.

இறங்குதுறையில் பலகை போட்டு வெள்ளையை வள்ளத்தில் ஏற்றினார்கள். முன்னங்கால் இரண்டும் உள்ளே பட்டு வள்ளம் அசைந்ததுதான் தாமதம், அது எகிறி உதைத்துப் பலகையை முறித்து, தண்ணீரில் குதித்துக் கரையேறி ஓடிவிட்டது. குஞ்சியப்பு வள்ளத்தின் பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இன்னும் ஒரு உதை விழுந்திருந்தால் நாங்கள் இஞ்சைதான் குடியிருக்கவேணும்" என்றார்.

"யாகப்பரும் மீன்பிடிகாரர்தான்" என்றார் அப்பா, விட மனமில்லாமல்.

"ஓம். அவர் வள்ளத்தை விட்டிட்டுச் சீடனாய்ப் போனபிறகுதான் குதிரை ஏறினவர்" என்றார் அம்மா.

பிறகு அம்மா பெட்டையைக் கொண்டுவரச் சொல்லி, தான் முதலில் வள்ளத்தில் ஏறிக் குறுக்குப் பலகையில் இருந்து, கயிற்றைத் தளர்வாகப் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டை முகர்ந்தது, ஒரு கால் வைத்தது, யோசித்தது, மற்றக் காலையும் வைத்தது. வள்ளம் ஆடியபோது கால்களை அகட்டி ஆட்டத்தோடு தானும் ஆடி நின்றது. "உது பழைய கடலோடி" என்று குஞ்சியப்பு வியந்தார். மருதனார்மடத்துக்கு வண்டி இழுக்க வேண்டிய குதிரையை, கடலில் நிற்கத் தெரிந்ததென்று நாங்கள் வாங்கிவிட்டோம். வண்டி இழுக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இழுத்தது. ஒழுங்கை மணலில் அழகாக இழுத்தது. தார் றோட்டு வந்ததும் நின்றுவிட்டது. அப்படிக் கறுத்த நிலத்தை அது கண்டதில்லை. ஆழமான தண்ணீர் என்று நினைத்ததோ என்னவோ, தலையைக் குனிந்து முகர்ந்து பின்வாங்கியது. கூடிநின்றவர்கள், "இனி மருதனார்மடத்துக்குக் கடலாலை போங்கோ" என்றார்கள். பெட்டிக்குள் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. "வெள்ளையைக் கட்டிக் கொண்டுவந்திருக்கலாம்" என்று அப்பா முணுமுணுத்தார்.

அம்மா செருப்பை வண்டிக்குள் போட்டுவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தாரில் வெறுங்காலால் தொம்மென்று மிதித்துக் காட்டினார். திரும்பிப் பாராமல் நடந்தார். அவர் கால் பட்ட இடத்தில் பெட்டை தன் காலை வைத்தது. அப்படியே மருதனார்மடம் வரை. சந்தையில் அப்பாவின் இடத்தில் பெட்டி வைத்திருந்த மனிதர், குதிரையையும் அதற்கு முன்னால் வேர்த்துப்போய் நின்ற அம்மாவையும் பார்த்தார். தன் பெட்டியைத் தள்ளி வைத்து இடம் விட்டார்.

அதன்பிறகு அம்மா வாரக்கணக்கில் நடந்தார். வரும்போது தார் கொதிக்கும், ஆனாலும் செருப்புப் போடமாட்டார். செருப்புச் சத்தம் பெட்டைக்குப் பிடிக்காது என்பார். "இனி நீர் நடக்கத் தேவையில்லை" என்று அப்பா சொன்னபோதெல்லாம், "அதைக் குதிரை சொல்லட்டும்" என்றுவிடுவார்.

பள்ளிக்கூடம் இல்லாத ஒரு சனிக்கிழமை நானும் கூட நடந்தேன். தட்டாதெருச் சந்தியில் அம்மா திடீரென்று கயிற்றை விட்டு ஒதுங்கி நின்றார். பெட்டை அவரை ஒருமுறை பார்த்துவிட்டு நிற்காமல் தாண்டிப் போனது. வண்டியில் இருந்த அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் குதிரை நின்றிருக்கும் என்று பின்னேரம் சொன்னார்.

இன்று அப்பாவும் அம்மாவும் இல்லை, பெட்டையும் இல்லை, குருநகரில் குதிரை வாசம் தெரிந்த ஆட்களும் அருகிவிட்டார்கள். தட்டாதெருச் சந்தியில் இரண்டு நிமிடம் நின்றால் பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடிக்கிறார்கள். ஆனாலும் அந்த வழியால் போகும்போது நான் கொஞ்சம் மெதுவாகத்தான் போவேன். அன்று வண்டி கண்ணுக்கு மறையும்வரை அம்மா அங்கே றோட்டில் நின்றார், கயிறு இல்லாத கையைக் கயிறு பிடித்தபடியே பொத்தி வைத்துக்கொண்டு.