ஏழு நாள் உபவாசமும் ஒரு மடி மல்லாட்டையும்

போன திங்கட்கிழமை ஒலக்கூரில் ஒரு தப்பு செய்தேன். என் மனைவியின் உயிருக்கே உலை வைத்துவிட்டோம் என்று நானே நடுங்கிப்போன தப்பு.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். ஸ்டெல்லாவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. விழுப்புரத்தில் டாக்டரிடம் காட்டினோம். ஊசி குத்திச் சாம்பிள் எடுத்தார்கள். "பத்து நாள் ஆகும் சார். முன்னாடியே வந்தா போன் பண்றோம்" என்றார்கள். நான் முந்திக்கொண்டு என் நம்பரைக் கொடுத்தேன். கெட்ட சேதி என்றால் முதலில் என் காதில் விழட்டுமே... அப்படி ஒரு வீராப்பு.

திண்டிவனம் திரும்பியதும் பயம் பிடித்துக்கொண்டது. பயந்தால் மனுஷன் என்ன செய்வான்? பக்திமான் ஆகிவிடுவான். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் தவிர சர்ச் பக்கம் ஒழுங்காகத் தலைகாட்டாத நான், ஏழு நாள் உபவாச ஜெபம் என்று வீட்டில் அறிவித்தேன். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை தண்ணீர் மட்டும். "சோத்தை விடறது பெருசு இல்ல, போனை விட்டுப் பாருங்க" என்று எங்கள் பாஸ்டர் எப்போதோ பிரசங்கத்தில் சொன்னது ஞாபகம் வந்தது. சரி, பகலெல்லாம் போனும் சுவிட்ச் ஆஃப். இத்தனையும் செய்தால் ஆண்டவர் மறுக்கவா போகிறார்?

புதன்கிழமை ஆரம்பித்தேன். ஐந்து நாள் ஓடியது. எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

ஆறாம் நாள், திங்கள். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒலக்கூரில் சிநேகிதர் ஏழுமலையின் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிறார்கள் என்று போனேன். சும்மா உட்காருவானேன் என்று நானும் நாலு செடியை இழுத்துப் போட்டு ஆயத் தொடங்கினேன். எங்கள் பக்கம் மல்லாட்டை ஆய்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? நாலு கூடைக்கு, ஒன்று வாய்க்கு. அது யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்வது.

அரை மணி கழித்து ஏழுமலைதான் கேட்டார். "இன்னா சார், உபவாசம்னு சொன்னீங்க... தின்னுக்கினு இருக்கறீங்க?"

மடியைப் பார்த்தேன். மடி நிறைய தோல்.

போச்சு. ஆறு நாள் பட்டினி அரை மணியில் போச்சு. மறுபடி முதலிலிருந்து ஏழு நாள் இருக்கலாம் என்றால், மறுநாளே ரிப்போர்ட்டுக்குப் போகவேண்டும். ஸ்டெல்லாவிடம் சொல்லவும் தைரியம் இல்லை.

செவ்வாய் காலை விழுப்புரம் பஸ். கூட்டேரிப்பட்டு தாண்டியதும், இனி தாங்காது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஸ்டெல்லா அங்கன்வாடியில் பிள்ளைகளை மேய்ப்பவள். அவர்களிடம் பேசும் அதே குரலில் சொன்னாள்:

"ஏங்க, நல்லபடியா வந்தா அது நீங்க பட்டினி கெடந்ததால இல்ல. வேற மாதிரி வந்தா, அது நீங்க மல்லாட்டை தின்னதாலயும் இல்ல. ஆண்டவரு சும்மா குடுக்கறவருங்க."

"அப்ப நான் ஆறு நாள் காஞ்சது?"

"அது எனக்குப் புடிச்சிருந்துது. அது வேற."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் கையைப் பிடித்திருந்த அவள் கை சில்லென்று இருந்தது. அவளுக்கும் பயம்தான்.

கவுன்ட்டரில் இருந்த பெண் பேரைக் கேட்டதும் முறைத்தாள். "எத்தினி தடவ சார் போன் பண்றது? எப்ப போட்டாலும் சுவிட்ச் ஆஃப். ஒரே பேஜாரா போச்சு. உங்க ரிப்போர்ட் வந்து ஒரு வாரம் ஆவுது."

கவரை வாங்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம். அவர் படித்தார். மறுபடி படித்தார். "சாதாரணக் கட்டிதாம்மா. பயப்பட ஒண்ணுமே இல்ல. ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவ வந்து காட்டுங்க."

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஸ்டெல்லா அழவில்லை. என் தோளில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள், அவ்வளவுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிப்போர்ட்டை இன்னொரு தடவை பார்த்தேன். கையெழுத்துக்குக் கீழே தேதி — முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை. நான் உபவாசம் ஆரம்பித்ததற்கு முதல் நாள்!

நான் வாயைத் திறந்து கேட்பதற்கு முன்பே ரிப்போர்ட் தயார். கொடுப்பதற்காகக் கூப்பிட்டுக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். ஐயாவோ போனை அணைத்துவிட்டு, "தாரும் ஆண்டவரே, தாரும்" என்று முட்டிபோட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

சின்ன வயசிலிருந்து கிருபை, கிருபை என்று பாடி வளர்ந்தவன்தான். ஆனாலும் உள்ளுக்குள் தாலுகா ஆபீஸ் பழக்கம் போகவில்லை. மனு எழுதணும், சர்டிபிகேட் வைக்கணும், ஒரு பேப்பர் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்... அப்பாவிடம் சோறு கேட்கப் பிள்ளை மனுவா எழுதும்? சும்மா கொடுத்தால் வாங்கத்தான் நமக்குக் கூச்சம்.

பஸ் ஸ்டாண்டில் ஸ்டெல்லா அவித்த மல்லாட்டை வாங்கி வந்து என் கையில் திணித்தாள்.

"இன்னும் ஆறு மணி ஆகலையே" என்றேன்.

"தின்னுங்க" என்றாள்.

கண்ணை மூடி ஜெபம் பண்ணினேன். கேட்க ஒன்றும் இல்லை. நன்றி மட்டும் சொல்லிவிட்டுத் தின்றேன்.

உபவாசம் இனியும் இருப்பேன், ஆனால் போனை அணைக்க மாட்டேன்... கொடுக்கக் கூப்பிடும்போது எடுக்கவாவது வேண்டாமா?