காசு குடுத்து வாங்கின கரகரப்பு

இன்னிக்கு வாழவந்தி நாடுங்கிற ஊர்ல ஒரு காதுகுத்து. நம்ம ஆர்கெஸ்ட்ராதான் கச்சேரி. என் பேஸ் கிட்டாருக்குப் புதுசா வாங்கின, காலால மிதிச்சா சத்தத்தை மாத்துற மல்ட்டி எஃபெக்ட்ஸ் பெடலுக்கும் இன்னிக்குத்தான் அரங்கேற்றம்.

மேனுவல் எல்லாம் படிக்கிற ஆளா நான்? ரெண்டாவது பாட்டுல பல்லவி வந்ததும், கொர்ர்ர்னு கரகரக்கிற ஒரு எஃபெக்ட்டை ஓங்கி மிதிச்சேன்.

கரண்ட் போச்சு.

போகல, மைக்செட் பழனியண்ணன் மெயின் ஸ்விட்ச்சை அணைச்சிட்டார். ஸ்க்ரூ டிரைவரோட ஸ்பீக்கர் பெட்டிகிட்ட ஓடுறார்.

"ஸ்பீக்கர் கிழிஞ்சுபோச்சுங்க! ஆரும் வாசிக்காதீங்க!"

பாடகி திறந்த வாயை மூடல. காது குத்த வந்த ஆசாரி ஊசியைப் பிடிச்சபடி அப்படியே உட்கார்ந்துட்டார்.

நான் ஓடிப்போய், "அண்ணா, ஒண்ணும் கிழியலீங்க. இந்தப் பெடலோட சத்தமே அப்படித்தானுங்க"ன்னேன். அவர் நம்பல. ஸ்விட்ச்சைப் போடச் சொல்லி வாசிச்சுக் காட்டினேன். மிதிச்சா கொர்ர்ர். மறுபடி மிதிச்சா சுத்தமான சத்தம்.

பெடலைக் குனிஞ்சு பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இதுக்கா கண்ணு காசு குடுத்த? என்ற ஊட்டுல நெசமாவே கிழிஞ்ச ஸ்பீக்கர் நாலஞ்சு கெடக்குது. கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பனே!"

மீதிக் கச்சேரி முடியற வரைக்கும் பெடல் அவர் மடியிலதான் இருந்துச்சு.

இதை வாங்குடான்னு என்னை ஏத்திவிட்ட மகராசன் இந்த ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்லதான் இருக்கீங்க. ஒளியாம கமெண்ட்டுக்கு வாங்க. கிழிஞ்ச ஸ்பீக்கர்ல ஒண்ணை உங்க பேருக்குச் சொல்லி வச்சிருக்கேன்.