காற்றைக் கையோடு கொண்டுபோனவர்கள்

அப்துல் வஹீதுக்கு மூக்கு செத்துப்போய்ப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. பதினெட்டு வயதில் ஆம்பூருக்கு வெளியே தோல் பதனிடும் டேனரி ஒன்றில் சுண்ணாம்புத் தொட்டி வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே மேஸ்திரி ஆனவர். குழம்பு ஊசிப்போயிருக்கிறதா என்பதைக்கூட மனைவி ரஃபத் ஜஹானைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்.

டேனரியின் பின்பக்கம் கழிவுத் தொட்டி இருந்தது. இரண்டு ஆள் ஆழம். மேலே ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு இரும்பு மூடி போட்ட வாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது உள்ளே இறங்கி, அடியில் தங்கிய சேற்றை வாளியில் அள்ளிக் கொடுக்க வேண்டும். 1975 மே மாதம் ஜியாவுதீன் இறங்கினான். வஹீதும் அவனும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இரண்டு வாளி மேலே வந்தது. மூன்றாவது வரவில்லை. வஹீத் குனிந்து பார்த்தார். ஜியாவுதீன் சேற்றில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னாடா, அதுக்குள்ள ஒக்காந்துட்ட? சோம்பேறி" என்று திட்டினார்.

அவன் தலை தொங்கியது. மேலிருந்தே கொக்கியும் கயிறும் போட்டு இழுத்து வெளியே போட்டபோது எல்லாம் முடிந்துவிட்டது. விஷக்காற்று என்றார் டாக்டர். தான் திட்டியது அவன் காதில் விழுந்திருக்குமோ என்று வஹீத் அதன்பிறகு பல நாள் யோசித்தார். யாரிடமும் கேட்கவில்லை.

தொட்டி நிரம்புவது நிற்கவில்லை. அடுத்த முறை ஆபேல் இறங்கினான். மாதனூர்ப் பக்கத்துக்காரன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குவான், அரை வாளி அள்ளுவான், மேலே வந்து வாந்தி எடுப்பான், மறுபடி இறங்குவான்.

அடுத்த வருஷம் ஜூலையில், செவ்வாய்க் கிரகத்தில் அமெரிக்காக்காரன் அனுப்பிய இயந்திரம் இறங்கிய செய்தி வந்தது. டீக்கடையில் அன்று அதே பேச்சு. அங்கே மனிதன் போய் வாழலாம் என்றார் ஒருவர். அல்லா நம்மை இங்கேதான் வைத்திருக்கிறான், அங்கே நமக்கு என்ன வேலை என்றார் இன்னொருவர். வஹீத் பேச்சில் கலந்துகொள்ளாமல் பேப்பரை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். அங்கே உள்ள காற்று மனிதன் சுவாசிக்க உதவாது, போகிறவன் தனக்கு வேண்டிய காற்றைக் கையோடு கொண்டுபோனால்தான் உயிர் பிழைப்பான் என்று போட்டிருந்தது. பக்கத்தில், தலைமுழுக்க மூடிய உடுப்போடு நிற்கும் ஒருவனின் படம். அந்தப் பக்கத்தைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ரஃபத் ஜஹான் வீட்டில் உட்கார்ந்து ஷூ கம்பெனிக்கு மேல்தோல் தைத்துக் கொடுப்பவள். வஹீத் மெல்லிய தோலும் ஒரு கண்ணாடித் துண்டும் கொண்டுவந்து, தலை நுழைகிற மாதிரி ஒரு பை தைக்கச் சொன்னார். இரண்டு நாளில் தைத்து முடித்தாள்.

"யாருக்குங்க இது?"

"தொட்டியில எறங்கறவனுக்கு."

"யாரு எறங்கப் போறது?"

"மொத தடவ நான்தான்."

அவள் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கழுத்துப் பக்கத்துத் தையலைப் பிரித்து, இரட்டைத் தையலாகத் திரும்பப் போட்டாள்.

கொல்லன் பட்டறையில் கரிக்குக் காற்று விட, கையால் சுற்றும் ஒரு விசிறி இருக்கும். அப்படி ஒன்றைப் பழசாக வாங்கி, அதில் நீளமான ரப்பர் குழாயைப் பொருத்தி, மறுமுனையைத் தோல் பைக்குள் விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கோயிலிலிருந்து வந்த ஆபேல் மேலே உட்கார்ந்து சுற்ற, இன்னொருவன் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, வஹீத் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். தோல் பைக்குள் கரியும் ரப்பரும் கலந்த ஏதோ ஒன்று நாக்கில் பட்டது. ஆனால் காற்று வந்தது. ஜியாவுதீன் உட்கார்ந்த இடத்தில் நின்றார். நான்கு வாளி அள்ளினார்.

"எப்டி பாய்?" என்றான் ஆபேல்.

"பொழைக்கலாம்" என்றார்.

மேனேஜர் கிறிஸ்துராஜ் கெட்டவர் இல்லை. ஆனால் கணக்காகப் பேசுவார். "ஒருத்தன் உள்ள எறங்கணும், ஒருத்தன் கயிறு புடிக்கணும். இன்னொருத்தன் சும்மா ஒக்காந்து சுத்தறதுக்கா? மொதலாளிக்கு நான் இன்னா சொல்றது?"

"அந்த ஆள் நான்தான் சார். ஷிப்ட் முடிச்சிட்டு வர்றேன்."

அப்படி எட்டு வருஷம் சுற்றினார். உள்ளே ஆள் இருக்கும்போது நிறுத்தக் கூடாது. வியர்வை கண்ணில் இறங்கினாலும் துடைக்கக் கூடாது. வலது தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போயிற்று. தொழுகையில் கையை உயர்த்தினால் இடது கை காதுவரை போகும், வலது கை நெஞ்சோடு நின்றுவிடும்.

1984 ஏப்ரலில் நம் நாட்டுக்காரர் ஒருவர் விண்வெளிக்குப் போனதை ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. தொட்டியிலிருந்து ஏறிவந்து காலைக் கழுவிக்கொண்டிருந்த ஆபேல் கேட்டான்: "வேற கிரகத்துக்கெல்லாம் போய் ஜனங்க குடித்தனம் பண்ண முடியுமா பாய்?"

வஹீத் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே யோசித்தார். "பண்ணலாம். ஒருத்தன் நிறுத்தாம காத்து குடுத்துக்கினே இருக்கணும். அவனுக்குக் கை வலிச்சா இன்னா பண்றதுன்னுதான் எந்தப் பேப்பர்லயும் போடல."



ஜூன் மாதம் தோளைக் காட்ட வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்று பார்த்துத் தொட்டி பொங்கி வழிந்தது. மறுநாள் தோல் வாங்கும் வெளிநாட்டு ஆட்கள் டேனரியைப் பார்க்க வருவதாக இருந்தது. மேனேஜர் ஆபேலிடம் மூடியைத் திறக்கச் சொன்னார். "வஹீத் இல்லன்னா வேலை நின்னுடுமா? முன்ன மாதிரி மூச்ச அடக்கிக்கினு எறங்கு. அஞ்சு நிமிஷம்தான்."

ஆபேல் திறந்த மூடியை இழுத்துச் சாத்தி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். "பாய் வரட்டும் சார்." இரும்பு கொதித்தது. சாக்கு ஒன்றை மடித்துப் போட்டுக்கொண்டு மாலைவரை எழுந்திருக்கவில்லை. அன்றே அவனை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

மறுநாள் காலை வஹீத் தோளில் கட்டோடு மேனேஜர் முன்னால் போய் நின்றார். வழியெல்லாம் நிறைய சொற்களைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். அங்கே நின்றதும் எல்லாம் கலைந்துபோயிற்று.

"சார், ஜியாவுதீன் உள்ள செத்துக்கினு இருந்தான். நான் மேல நின்னு சோம்பேறின்னு திட்டினேன். இன்னொருத்தன அப்டி பார்க்க என்னால முடியாது. ஆபேல் வர்ற வரைக்கும் நான் சுண்ணாம்புப் பக்கம் எறங்க மாட்டேன்."

வஹீத் யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. வெளியே வந்தபோது சுண்ணாம்புத் தொட்டி ஆட்கள் பதினாறு பேரும் வேலைக்கு இறங்காமல் வாசலில் நின்றிருந்தார்கள். பதினோராம் நாள் ஆபேலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் ராணிப்பேட்டையிலிருந்து கரண்ட்டில் ஓடும் காற்று மெஷின் ஒன்று வந்தது.

எல்லாரும் வஹீதின் முதுகில் தட்டினார்கள். அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. "கரண்ட் போனா?" என்று மட்டும் கேட்டார். மேனேஜர் அதற்கு வேறு ஏற்பாடு செய்யவில்லை. அதனால் தொட்டி இறங்கும் நாட்களில் பழைய விசிறியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்தார். உட்கார ஒரு முக்காலி கேட்டார், கொடுத்தார்கள். நான்கு வருஷத்தில் மூன்று முறை கரண்ட் போயிற்று. மூன்று முறையும் ஆள் வெளியே வரும்வரை இடது கையால் சுற்றினார்.

1988இல் வேலையை விட்டு நின்றார். மாலை போட்டு, காரம், டீ எல்லாம் கொடுத்தபிறகு, வீட்டில் உட்கார்ந்து இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று கிறிஸ்துராஜ் கேட்டார்.

"தூங்கணும் சார்" என்றார் வஹீத்.