அழிந்துபோன முப்பத்தெட்டு

பட்டாசுக் கம்பெனிகளின் மருந்து அறைகளில் வெப்பம் அளக்கும் கருவி பொருத்துவது என் வேலை. நிமிடத்துக்கு ஓர் அளவு, நேரத்தோடு சேர்ந்து, விருதுநகரில் எங்கள் அலுவலகத் தரவுத்தளத்தில் பதிவாகும். வரைபடம், எச்சரிக்கை விதி, சைரன் இணைப்பு எல்லாவற்றையும் ஒரே டெம்ப்ளேட்டாகக் கட்டி வைத்திருந்தேன். புதுக் கம்பெனி வந்தால் அதைப் போட்டுவிடுவேன். பத்து நிமிட வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நாரணாபுரத்தில் ஒரு கம்பெனியில், சக்கரத்துக்கு மருந்து அடைக்கும் அறையில் ஓர் அக்கா வேலை பார்த்தார். சைரன் நாற்பத்திரண்டு டிகிரியில் அடிக்கும் என்றதும் மறுத்தார்.

"இது மேக்க பாத்த ரூமு தம்பி, மத்தியான வெயிலு நேரா அடிக்கும். அம்புட்டுச் சூடு வர்ற வரைக்கும் மருந்து பொறுக்காது. முப்பத்தெட்டுல அடிக்கிற மாதிரி வைங்க."

அந்த அறைக்கு மட்டும் கையால் மாற்றினேன். டெம்ப்ளேட்டில் மாற்றவில்லை. எங்கும் குறித்தும் வைக்கவில்லை.

சில மாதம் கழித்து, வரைபடம் தெளிவாக இல்லையென்று வேறொரு முதலாளி குறைபட்டார். டெம்ப்ளேட்டைத் திருத்தி எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே கட்டளையில் புதுப்பித்தேன். அப்படிச் செய்தால் கையால் செய்த மாற்றங்கள் அழிந்து பழைய நாற்பத்திரண்டே திரும்பிவிடும். அது எனக்குத் தெரியும். நாரணாபுரம்தான் நினைவுக்கு வரவில்லை.

சீசன் நேரம். ஒரு மதியம் அந்த அறையில் மருந்து பற்றிக்கொண்டது. கூட இருந்த மூன்று பெண்களையும் வெளியே தள்ளிவிட்டு அக்கா கடைசியாக வந்திருக்கிறார். வலது கை முழங்கை வரை வெந்துபோயிற்று. சைரன் அடிக்கவே இல்லை. பதிவைத் திறந்து பார்த்தேன். தீப்பிடிக்கும் முன் வெகுநேரம் முப்பத்தொன்பதிலேயே நின்றிருந்தது. அடுத்த அளவு பதிவாகும் முன்பே கருவி எரிந்துபோயிருந்தது.

யாரோ சைரன் சுவிட்சை அணைத்துவிட்டதாகக் கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. ஒவ்வோர் அறைக்கும் எச்சரிக்கை அளவு தனியாக நிற்கும்படி டெம்ப்ளேட்டை அன்றே மாற்றினேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

எட்டு மாதம் கழித்துத்தான் அக்கா வீட்டுக்குப் போனேன். விரல்கள் மடங்காததால் அவர் வேலைக்குப் போவதில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"கூட்டும்போது நாந்தான் சுவிட்சத் தட்டிவிட்டுட்டேன்னு நெனச்சிருந்தேன் தம்பி. அவளுக மூஞ்சியப் பாக்கக் கூசிக்கிட்டுக் கெடந்தேன். அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல."

மறுநாள் நாரணாபுரம் கம்பெனி முதலாளியிடம் சொன்னேன். எங்களை விலக்கி வேறு ஆள் வைத்துக்கொண்டார். அந்த மூன்று பெண்களையும் அன்றே தேடிப்போய், அக்கா மேல் தப்பில்லை என்றேன். ஒருத்தி மட்டும் கேட்டாள்.

"இத அக்காட்ட எப்பச் சொன்னீக?"

நேற்று என்றேன்.