ரெஜினா அக்கா சொன்ன விலை

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தேன். லண்டனின் ஜூபிலி லைன் ரயில் ஃபிஞ்ச்லி ரோட்டில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் சட்டைப்பையில் போன் மூன்று முறை அதிர்ந்தது. மூன்றும் ரெஜினா அக்காவின் மகள் அனிற்றாவிடமிருந்து. இரண்டு, நான் எடுக்காத அழைப்புகள். மூன்றாவது ஒரே வரி: "அங்கிள், அம்மா மத்தியானம் போயிட்டா." வெம்பிளி பார்க்கில் இறங்க வேண்டியவன், எழுந்திருக்கத் தோன்றாமல் ஸ்டான்மோர் வரை போய், அதே ரயிலில் திரும்பி வந்தேன்.

ரெஜினா அக்கா மறைந்துவிட்டார். இங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கக் கோயில் வட்டாரத்தில் அவரை அறிந்தவர்கள் ஏராளம். ஆனால் அவர் என்ன வேலை செய்தார் என்று அவர்களில் பலருக்குச் சரியாகத் தெரியாது. "ஏதோ கார் இன்சூரன்ஸ்" என்பார்கள். அறிந்தவர்களுக்காகவும் அறியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் அவருடன் ஆறு வருடங்கள் ஒரே அலுவலகத்தில் இருந்தவன். அவருக்கு ஒரு விஷயத்தில் கடமைப்பட்டவனும்கூட.

அறுபதுகளிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் ஒருவகைக் கார்கள் செய்தார்கள். இரண்டு கதவு, நீண்ட முன்பக்கம், உடம்புக்குப் பொருந்தாத பெரிய இன்ஜின். மசில் கார் என்று பெயர். லண்டனிலும் அவற்றின் மீது உயிரையே வைத்திருப்பவர்கள் உண்டு. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் காருக்கு விலை சொல்வது கடினமல்ல. அதற்குப் பட்டியல் புத்தகங்கள் இருக்கின்றன. ஆனால் சொந்தக்காரர் கைவைத்த காருக்கு, இன்ஜினை மாற்றி, பிரேக்கை மாற்றி, தகரத்தை வெட்டி ஒட்டிய காருக்கு, எந்தப் புத்தகத்திலும் விலை கிடையாது. விபத்து நடந்தாலோ, விற்க வந்தாலோ, கணவன் மனைவி பிரிந்தாலோ, அதன் நியாயமான விலையை ஒருவர் பார்த்துச் சொல்லியாக வேண்டும். மன்னாரிலிருந்து வந்த ரெஜினா அக்கா செய்தது அந்த வேலை.

அதற்குள் அவர் வந்த வழி வேடிக்கையானது. இளம் வயதில் லண்டன் வந்தவர், நோர்த் சர்குலர் சாலையோரம் ஒரு பெட்ரோல் நிலையத்தில் காசாளராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் கார்கள் அங்கே வரிசையாக வந்து நிற்கும். லிட்டர் கணக்கில்லாமல் பெட்ரோல் குடிக்கும். வந்தவர்களிடம் அவர் பேச்சுக் கொடுப்பார். எங்கே வாங்கியது, என்ன மாற்றியது, விற்றவன் என்ன கேட்டான் என்று விசாரித்து, தேய்ந்த ஒரு பயிற்சிக் கொப்பியில் எழுதிவைப்பார். "சும்மா பொழுதுபோகத்தான் எழுதினனான். பிறகு பாத்தால் அந்தக் கொப்பியிலை இருந்தது வேறை ஒருத்தரிட்டையும் இருக்கேல்லை" என்று ஒருமுறை சொன்னார்.

எங்கள் மதிப்பீட்டு அலுவலகத்தில் அவர் முதலில் தட்டச்சு செய்யத்தான் சேர்ந்தாராம். ஒருநாள் மூத்த மதிப்பீட்டாளர் ஒருவர் கொடுத்த அறிக்கையில், இன்ஜின் காருடன் பிறந்தது என்று இருந்தது. இணைத்திருந்த புகைப்படத்தில் இன்ஜினில் பொறித்த எண்ணையும் காரின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்த அக்கா, தட்டச்சு செய்யாமல் அறிக்கையைத் திருப்பி எடுத்துப் போனார். "இது பொருந்தேல்லை. பிழையை அடிக்க எனக்கு ஏலாது" என்றாராம். அடுத்த வருடம் அவரையே கார் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

நான் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. நான் கோயம்புத்தூரிலிருந்து வேலை விசாவில் வந்தவன்; கணக்குகளும் அட்டவணைகளும் என் பொறுப்பு. முதல் வாரம் "மேடம்" என்று கூப்பிட்டேன். "நான் என்ன உங்களுக்குப் பாடம் எடுக்கிறனானோ? அக்கா எண்டு சொல்லுங்கோ" என்றார்.

அவருடன் இரண்டொரு முறை வெளியே போயிருக்கிறேன். காரின் பளபளப்பை அவர் பார்க்கவே மாட்டார். முதலில் தரையில் ஒரு பழைய யோகா விரிப்பை விரித்து, கீழே படுத்து, அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்ப்பார். எழுந்து, விரிப்பைச் சுருட்டிக்கொண்டே சொந்தக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி, "கழட்டின சாமானெல்லாம் வச்சிருக்கிறீங்களா?" பிறகு என்னிடம் தமிழில் விளக்குவார்: "பூட்டினது எண்டால் நாளைக்குக் கழட்டலாம். வெட்டினது எண்டால் வெட்டினதுதான். விலையிலை பாதி இந்த வித்தியாசம்தான் சுந்தர்."

சொந்தக்காரர்கள் பெரும்பாலும் ரசீதுகள் நிறைந்த ஒரு கோப்பை நீட்டுவார்கள். அதை அவர் மரியாதையாக வாங்கி, ஒவ்வொரு தாளையும் பார்த்து, மூடிக் கொடுத்துவிடுவார். "செலவு எண்டது இவர் குடுத்தது. விலை எண்டது இன்னொருத்தர் குடுக்கப்போறது. ரெண்டும் ஒண்டில்லை. ஆனா அதை அவருக்கு முகத்துக்கு நேரை சொல்லுறதுக்கு முதல், அவர் செலவழிச்சதை நாங்கள் ஒருக்கா வாசிக்க வேணும்."

அவருடைய வாழ்க்கையைத் திருப்பிப்போட்ட கார், கரும்பச்சை நிறத்தில் ஸ்ட்ரெதமில் ஒரு வீதியோரம் நின்றிருந்தது. நின்றிருந்த காரின் மீது சரக்கு லாரி ஒன்று மோதி, இடதுபக்கத்தை நசுக்கிவிட்டது. சொந்தக்காரர் மரியதாஸ். அவரும் மன்னார்காரர், அக்காவுக்குக் கோயிலில் பழக்கமானவர். போரில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். துருப்பிடித்த கூடாக வாங்கிய அந்தக் காரைப் பதினான்கு வருடங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலைசெய்து எழுப்பியிருந்தார். இன்ஜின் வேறு. கியர் பெட்டி தானியங்கி. பிரேக்கும் வேகமும் கையால் இயங்கும் ஒரே நெம்புகோலில். ஓட்டுநர் இருக்கை கதவுப்பக்கம் திரும்பும்.

காப்பீட்டு நிறுவனம் எங்களிடம் மதிப்பீடு கேட்டது. பட்டியல் விலையில், இத்தனை மாற்றங்களுக்காக மூன்றில் ஒரு பங்கைக் கழித்து நான் ஓர் எண்ணைத் தயார்செய்து வைத்திருந்தேன். அதைத்தான் அவர்களும் எதிர்பார்த்தார்கள். மரியதாஸ் கேட்டதோ, ரசீதுகளின் மொத்தக் கூட்டுத்தொகையை.

அக்கா பார்க்கப் போனபோது நானும் போனேன். கீழே படுத்து, எழுந்து, கை நெம்புகோலைப் பத்துத் தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு காரின் கூரையில் கை வைத்தார். அங்கே சதுரமாக வெட்டி ஒரு கண்ணாடித் திறப்பு வைக்கப்பட்டிருந்தது.

"இதை ஏன் வெட்டினீங்கள் மரியதாஸ் அண்ணை?"

"மகள் கேட்டவள். ஓடேக்கை எழும்பி நிண்டு வானம் பாக்க வேணுமெண்டு. அப்ப அவளுக்கு ஏழு வயசு."

அக்கா தாளில் எதையோ எழுதிக்கொண்டார்.

அன்று மாலை என் எண்ணைக் காட்டினேன். "இது விலையில்லை சுந்தர், இது கழித்தல்" என்றார். "இந்தக் காரை ஆர் வாங்குவினம் எண்டு நீங்கள் யோசிக்கேல்லை. ரெண்டு கால் உள்ளவன் வாங்கமாட்டான், சரி. மற்ற ஆக்கள்?"

அடுத்த மூன்று வாரங்கள் அவர் தேடினார். அப்டன் பார்க்கில், கால் ஊனமுற்றவர்களுக்காகக் கார்களை மாற்றிக்கொடுக்கும் ஒரு பட்டறையைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து ஒரு சங்கம். சங்கத்திலிருந்து, இப்படிப்பட்ட பழைய கார் ஒன்றைக் கையால் ஓட்டவேண்டும் என்று வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஐந்து பேர். ஒவ்வொருவரிடமும் பேசி, என்ன கொடுப்பார்கள் என்று கையெழுத்துடன் கடிதம் வாங்கினார். காலால் அமுக்கத் தேவையில்லாத அந்த நெம்புகோல், நாங்கள் நினைத்ததுபோல் விலையைக் குறைக்கவில்லை, கூட்டியது.

அவர் எழுதிய விலை காப்பீட்டு நிறுவனம் நினைத்ததைவிட மிக அதிகம். மரியதாஸ் கேட்டதைவிடக் கணிசமாகக் குறைவு. காரணம், கூரை. அதற்காக அவர் பெரிய தொகையொன்றைக் கழித்திருந்தார்.

இரண்டு பக்கமும் அவர்மேல் பாய்ந்தது. மரியதாஸ் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "எங்கட ஆள் எண்டு நம்பினன். என்ரை பிள்ளைக்குச் செய்ததுக்கு நீர் காசு வெட்டினீர்!" என்று வரவேற்பறையில் நின்று கத்தினார். அக்கா எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். "உங்கட பிள்ளைக்குச் செய்ததை நான் பிழை எண்டு சொல்லேல்லை அண்ணை. வாங்கிறவனுக்கு அந்தப் பிள்ளையைத் தெரியாது" என்று மட்டும் சொன்னார். அதன்பின் சில மாதங்கள் பூசை முடிந்தபின் கோயில் மண்டபத்தில் அவருடன் தேநீர் குடிக்கச் சிலர் வரவில்லை என்று அனிற்றா பிற்பாடு சொன்னாள்.

காப்பீட்டு நிறுவனம் கத்தவில்லை, கூட்டத்துக்கு அழைத்தது. அவர்கள் எங்களுடைய பெரிய வாடிக்கையாளர். எங்கள் மேலாளர் அக்காவிடம் அறிக்கையை "மறுபரிசீலனை" செய்யச் சொன்னார். அக்கா ஐந்து கடிதங்களையும் மேசையில் பரப்பினார். "இதிலே எந்தக் கடிதம் பொய் என்று காட்டுங்கள், மாற்றுகிறேன்" என்று ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னார். மேலாளர் என் பக்கம் திரும்பி, "சுந்தர், உன் கணக்கு என்ன சொல்கிறது?" என்று கேட்டார்.

அந்தக் கடிதங்களை நான் படித்திருந்தேன். அக்கா சொன்னது சரி என்று எனக்கு ஐயமில்லாமல் தெரியும். என் விசா எங்கள் அலுவலகத்தின் பெயரில் இருந்தது. மனைவி ஏழு மாத கர்ப்பம். "பட்டியல்படி பார்த்தால் முதல் எண்தான் வருகிறது" என்றேன். அது பொய்யில்லை. அக்கா என்னை ஒரு கணம் பார்த்தார். நான் என் தாள்களைப் பார்த்தேன்.

அவர் அறிக்கையை மாற்றவில்லை. பரிசோதனைகள் அவரிடமிருந்து எடுக்கப்பட்டன. ஒரு மாதத்தில் அவர் வேலையை விட்டுப் போனார். பிரியாவிடைக்கு நான் அனுப்பிய அட்டையில் பெயர் மட்டும் எழுதியிருந்தேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

மரியதாஸ் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அமைப்பிடம் முறையிட்டார். விசாரித்தவர்கள் அக்காவின் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்தார்கள். முடிவில் கிடைத்தது, ஏறக்குறைய அக்கா எழுதிய தொகை. அதை வைத்து அவர், இழப்பீடு கொடுத்ததும் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொந்தமாகிவிட்ட நசுங்கிய காரைத் திரும்ப வாங்கி, மறுபடியும் சனிக்கிழமைகளில் வேலை தொடங்கினார்.

அக்கா வீட்டிலிருந்தபடியே சொந்தமாக மதிப்பீடு செய்ய ஆரம்பித்ததைக் கேள்விப்பட்டேன். போன் செய்யவில்லை. இரண்டு வருடம் கழித்து, எனக்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைத்து வேறு வேலைக்கும் மாறியபின், வெம்பிளியில் ஒரு கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அவரைப் பார்த்தேன். திரும்பிப் போய்விடலாமா என்று நினைப்பதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"சுந்தர்! மெலிஞ்சுபோனீங்கள். பிள்ளை என்ன பிள்ளை?"

"பொண்ணுக்கா. அக்கா, அன்னைக்கு அந்த மீட்டிங்ல நான்..."

"உங்களுக்கு விசா இருந்தது. எனக்குத் தெரியும். அந்த மேசையிலை நீங்கள் பேசேல்லை எண்டு நான் கோவிக்கேல்லை." முருங்கைக்காயைக் கூடையில் வைத்தார். "ஆனா பிறகு வெளியிலை வந்து, லிப்ட்டடியிலை நிண்டாவது, 'அக்கா நீங்கள் சொன்னது சரி' எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். அதுக்கு விசா தேவையில்லை."

"ஆமாக்கா" என்றேன். "நீங்க சொன்னது சரிதான். அன்னைக்கே தெரியும்."

"சரி. சொல்லிப்போட்டீங்கள். வீட்டுக்கு வாங்கோ, மனிசியையும் கூட்டிக்கொண்டு."

போனோம். அதன்பிறகு அடிக்கடி போனோம். அப்படி ஒரு ஞாயிறு நாங்கள் அங்கிருந்தபோதுதான் மரியதாஸ் வாசலில் வந்து நின்றார். காரை விற்றுவிட்டாராம். ஸ்கொட்லாந்திலிருந்து சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெண், ஒரு மணிநேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனாராம்.

"நீர் எழுதின கணக்குத்தான் ரெஜினா, கிட்டத்தட்ட" என்றவர் செருப்பைக் கழற்றாமலே நின்றார். பிறகு தலையைச் சொறிந்தார். "கூரைக்கு அவளும் குறைச்சுத்தான் கேட்டவள்."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மரியதாசும் சிரித்தார். உள்ளே வந்து உட்கார்ந்து, மகளுக்குக் கலியாணம் பேசுவதைப் பற்றி இரவுச் சாப்பாடு வரை பேசிக்கொண்டிருந்தார்.

கடைசி இரண்டு வருடங்கள் நோய் அவரை மெல்ல மெல்ல வீட்டுக்குள் இருத்தியது. தரையில் படுக்க முடியாமல் போனபோது வேலையை நிறுத்திக்கொண்டார். "அடியைப் பாக்காமல் விலை சொன்னால் அது ஊகம்" என்று, தெரிந்தவர்கள் கேட்டாலும் மறுத்துவிட்டார்.

போன கோடையில், லண்டனுக்கு வெளியே ஒரு புல்வெளியில் இந்தக் கார்களின் சந்திப்பு நடந்தது. போகவேண்டும் என்று அவரே கேட்டார். அனிற்றாவும் நானும் கூட்டிப்போனோம். மடக்கு நாற்காலியில் உட்காரவைத்தோம். அவரை அடையாளம் கண்டு நரைத்த தாடிக்காரர் ஒருவர் ஓடிவந்தார். ஏதோ ஒரு காலத்தில் அவருடைய காருக்கு அக்கா விலை சொல்லியிருந்தாராம். இப்போது ஆரஞ்சு நிறத்தில் இன்னொன்று வைத்திருந்தார். அதற்கு என்ன விலை போகும் என்று ஆவலோடு கேட்டார். அக்கா தலையாட்டி மறுத்துவிட்டு, என்னிடம் தமிழில் சொன்னார்: "இண்டைக்கு நான் விலை சொல்ல வரேல்லை. பாக்க வந்தனான்."

பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "சுந்தர், இவ்வளவு காலத்திலை நான் ஒருநாளும் இதுகளிலை சும்மா ஏறிப் போனதில்லை. எஞ்சின் கேக்கத்தான் ஏறுறனான். அவரிட்டைக் கேளுங்கோ, ஒரு சுத்துக் கூட்டிக்கொண்டு போவாரோ எண்டு."

கேட்க வேண்டியிருக்கவில்லை, அக்காவின் முகத்தைப் பார்த்தே தாடிக்காரர் கதவைத் திறந்துவிட்டார். நாங்கள் இருவரும் பிடித்து உள்ளே அமர்த்தினோம். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "போயிட்டு வாறன்" என்றார். கார் உறுமிக்கொண்டு கிளம்பிப் புல்வெளியின் ஓரமாக வளைந்து போனது. தூரத்தில் கண்ணாடிக்கு வெளியே மெலிந்த ஒரு கை நீண்டது. விரல்களை விரித்து, காற்றை அளைந்தபடி, அது மரங்களுக்குப் பின்னால் மறையும்வரை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

போய் வாருங்கள், அக்கா.