நனைந்த எடை

என் அத்தான் வல்லிநாயகம் பிள்ளை மூட்டையை நம்பமாட்டார், மூட்டை கொண்டுவருகிறவனை நம்பமாட்டார், தராசைக்கூட காலையில் படிக்கல் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் நம்புவார். தென்காசி பஜாரில் ஒரு புளி மண்டியில் அவருக்கு எடை போடுகிற வேலை. தண்ணீர் தெளித்தால் புளி எடை கூடும். அதனால் மேலே காய்ந்த புளியைப் பரப்பி, நடுவில் ஈரத்தைத் திணித்துக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அத்தான் அடியிலிருந்து ஒரு பிடி உருவி, நசுக்கி, வெயிலில் காயப்போட்டு மறுபடியும் நிறுப்பார். அதுவரைக்கும் வந்தவன் காத்துக் கிடக்க வேண்டும். இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் என் அக்கா நாச்சியாரைக் கொடுத்திருந்தோம். கல்யாணமாகி எத்தனையோ வருஷமாகியும், குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்த பிறகே சோற்றில் ஊற்றச் சொல்லுவார்.

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டே பிழைத்த அந்த மனிதரை, எண்பத்திரண்டாம் வருஷம் நாங்கள் சந்தேகப்பட்டோம். தனக்கு ஒரு கூடாரம் வேண்டும் என்று அவர் சொன்னதுதான் காரணம்.

ஞாயிற்றுக்கிழமையானால் அத்தான் குற்றாலத்துக்குப் போவார். அருவிக் கூட்டம் அவருக்கு ஆகாது. குளித்த கையோடு செண்பகாதேவிப் பக்கம் ஏறி நடந்துவிட்டுச் சாயங்காலம் இறங்கிவிடுவார். அந்த ஆனி மாதம் அங்கே ஒரு வெள்ளைக்காரன், கொட்டுகிற சாரலில் ஒரு சின்னக் கூடாரம் அடித்து, உள்ளே சப்பணமிட்டு உட்கார்ந்து புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தானாம். அத்தான் குடையைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாராம். மழை விட்டதும் அவன் மொத்தத்தையும் சுருட்டிப் பையில் அடைத்து, முதுகில் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டானாம். வீட்டுக்கு வந்தவர் அக்காவிடம், "எனக்கும் அது மாதிரி ஒண்ணு வேணும். ஒத்த ஆள் படுக்குத அளவு போதும். தூக்க லேசா இருக்கணும். நாலு பருவத்துக்கும் தாங்கணும்" என்றிருக்கிறார்.

மறுநாள் காலையில் அக்கா என் சைக்கிள் கடை வாசலில் நின்றாள்.

"ஏலே கைலாசம், உங்க அத்தான் டெண்டு வேணுங்காரு."

"வேணும்னா வாங்கட்டும். நமக்கென்ன?"

"மலையில ஒரு ராத்திரி தங்கணுமாம். ஒரு ராத்திரி தங்குதவருக்கு நாலு பருவம் எதுக்குலே? லேசா இருக்கணும்னா எவ்வளவு தூரம் போகப் பாக்குதாரு? அதுவும் ஒத்தைக்கு."

காற்றடித்துக்கொண்டிருந்த பம்பைக் கீழே வைத்துவிட்டேன். அவள் எதை நினைத்துப் பயப்படுகிறாள் என்பது எனக்குத் தெரியும்.

அத்தானின் அப்பா குத்தாலிங்கம் பிள்ளை இலஞ்சிக்காரர். ஓர் ஆடி அமாவாசை அன்றைக்கு, அருவியில் குளித்துவிட்டு வருகிறேன் என்று துண்டோடு போனவர் திரும்பவேயில்லை. தேனருவிப் பக்கம் காவி வேட்டியில் பார்த்தேன் என்றான் ஒருத்தன், பாபநாசத்தில் பார்த்தேன் என்றான் இன்னொருத்தன். அவர் மனைவி பிச்சம்மாள் பொட்டும் தாலியுமாகவே காலத்தை ஓட்டினாள். கல்யாண வீடுகளில் அவளைச் சுமங்கலிகளோடு கூப்பிடுவதா வேண்டாமா என்று கூடிக் கூடிப் பேசி, கடைசியில் கூப்பிடாமலே விட்டுவிடுவார்கள். அந்த அம்மாளைச் சாகிறவரைக்கும் கூட இருந்து பார்த்தவள் என் அக்கா. தன் தலையிலும் அதுதான் எழுதியிருக்கிறதோ என்று அவள் நடுங்கியதில் தப்பே இல்லை. எனக்கு நடுக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அப்பன் செய்ததை மகனும் செய்யப் பார்த்தால் காலை ஒடித்து வீட்டில் போடுவது என்று முடிவு கட்டினேன்.

"நீ ஒண்ணும் கேக்காத. எங்க போதாரு, யார்ட்ட பேசுதாருன்னு மட்டும் பாரு" என்றாள் அக்கா. அன்றிலிருந்து என் கடையை நான் பார்த்ததைவிட அத்தானைப் பார்த்ததுதான் அதிகம்.

முதலில் அவர் போனது லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற சேக் மைதீனிடம். கித்தானில் அழகாகத்தான் தைத்துக் கொடுத்தார். அத்தான் அதை மண்டிக்குக் கொண்டுபோய்த் தராசில் போட்டார். பிறகு தண்ணீர்த் தொட்டியில் முக்கி, சொட்டச் சொட்டத் தூக்கிவந்து மறுபடியும் தராசில் போட்டார். எடை இரட்டிப்புக்கு மேல் ஏறிவிட்டது. மண்டிச் சுமையாட்கள் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் எதிர்த்த டீக்கடையில் தினத்தாளைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டு இருந்தேன்.

"ஒரு சொட்டு உள்ள இறங்காது அண்ணாச்சி" என்றார் கூடவே வந்திருந்த சேக் மைதீன்.

"இறங்காது. ஆனா துணி பூராத்தையும் குடிச்சு வச்சுக்கிடுதே. அதை யாரு சுமக்க?"

அடுத்தது குடைத் துணியில் ஒன்று. எடை குறைவுதான். ஆனால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்று அதை மண்டி மொட்டை மாடியிலிருந்து பிடுங்கி, பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் மாட்டிவிட்டது. அதன்பிறகு பிளாஸ்டிக் தாளை ஒட்டி ஒன்று செய்து, பட்டப்பகலில் உள்ளே படுத்துப் பார்த்தார். மழையே இல்லை, மனிதர் தொப்பலாக நனைந்து வெளியே வந்தார். அவர் விட்ட மூச்சே தாளில் கோத்து அவர் மேலேயே சொட்டியிருக்கிறது. "உள்ள கெடக்கவனே மழையாப் பெய்யுதான்" என்று அலுத்துக்கொண்டார்.

அவர் ஒவ்வொன்றாகக் கழிக்கக் கழிக்க எனக்குச் சந்தேகம் முற்றியது. ஒரு ராத்திரிக்காகவா ஒருத்தன் இந்தப் பாடு படுவான்? வருஷக் கணக்காகக் குடியிருக்கப் போகிறவன் அல்லவா இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்வான்? ஃபாரஸ்ட் வாட்சர் முப்பிடாதி வேறு ஒருநாள் கடைக்கு வந்து, "உங்க அத்தான் மலையில எதும் பயிர் போடப் போறாரோ?" என்று நமட்டுச் சிரிப்புச் சிரித்தான். அவன் சொன்னது கஞ்சாவை. அவனை வைதனுப்பிவிட்டு உட்கார்ந்தால், அக்கா இன்னொரு சேதியோடு வந்தாள். ஒரு ஆளுக்குக் கஞ்சி வைக்க எவ்வளவு நொய் போட வேண்டும் என்று அத்தான் அவளிடம் கேட்டிருக்கிறார். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் கடையநல்லூர் துல்கர்னைன் குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்தார். அவர் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஊருக்குத் திரும்பும்போது இவரிடம் கொடுத்துவிட்டுப் போன நைலான் கூடாரம் ஒன்று அவரிடம் இருந்தது. அத்தான் தேடுவதைக் கேள்விப்பட்டு, அதை எடுத்துக்கொண்டு மண்டிக்கே வந்துவிட்டார். இந்தத் தடவை நான் டீக்கடையில் ஒளியவில்லை. நேராகப் போய்ப் பக்கத்திலேயே நின்றேன்.

"பாலைவனத்துல எங்கவே மழை? இது மணலுக்குச் செஞ்சதால்லா இருக்கும்" என்று ஆரம்பித்தார் அத்தான்.

"இல்ல அண்ணாச்சி. அவரு ஊருல பனி கொட்டுத மலையில போடுததாம்."

"அப்படி நல்ல சாமானை எதுக்கு உமக்குச் சும்மா குடுத்தாரு?"

துல்கர்னைன் சிரித்துக்கொண்டே கூடாரத்தை விரித்தார். அத்தான் ஒவ்வொரு தையலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே வலைத் துணி, வெளியே மழைத் துணி, இரண்டுக்கும் நடுவே காற்றுப் போக இடம். மூச்சு முட்டாது, வேர்க்காது என்று அவருக்கே பிடிபட்டதும் முகம் மாறியது. புளி காயப்போடுகிற களத்தில் அதை அடித்து உள்ளே படுத்துக்கொண்டார். சுமையாட்கள் வாளி வாளியாகத் தண்ணீரை இறைத்தார்கள். சாரல் காற்றும் தன் பங்குக்கு அடித்தது. கூடாரம் ஆடியது, சாயவில்லை. அத்தான் காய்ந்த வேட்டியோடு வெளியே வந்தார்.

அப்போதும் விடவில்லை. ஈரத்தோடு சுருட்டித் தராசில் போட்டார். எடை கொஞ்சம்தான் ஏறியிருந்தது.

"இப்பமாவது நம்புதீங்களா?" என்றார் துல்கர்னைன்.

"ராத்திரி பூரா நனைஞ்சு, காயப்போட வழியில்லாம அப்படியே சுருட்டுனா, இறங்கி வாரப்போ இதைவிடக் கூடுமா?"

"எல்லாரும் ஏறுதப்போ எம்புட்டு எடைன்னுதான் கேப்பாங்க அண்ணாச்சி."

"ஏறயில காஞ்சுதானவே இருக்கும். வாரப்போல்லா கஷ்டம்."

எனக்குச் சட்டென்று உறைத்தது. இத்தனை நாளும் அவர் அக்கறையாகப் பார்த்ததெல்லாம் நனைந்த எடை. ஓடிப்போகிறவன் காய்ந்த எடையைத் தெரிந்துகொண்டால் போதும், நனைந்ததை நனைந்த இடத்திலேயே போட்டுவிடுவான். அத்தானின் அப்பா வெறும் துண்டோடு போகவில்லையா? இறங்கி வருகிறவனுக்குத்தான் ஈரத்தைப் பற்றிக் கவலை. என் முட்டாள்தனத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் அக்காவிடம் சொன்னேன். "வந்தாப் பாப்போம்" என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை அத்தான் கூடாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உடம்பெல்லாம் சேறும் அட்டைக் கடியுமாக, கல்யாண மாப்பிள்ளைக் களையோடு வந்து சேர்ந்தார். கொல்லையில் கூடாரத்தைக் காய்வதற்கு அடித்துவைத்து, அதன் உள்தரையை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அக்கா கொஞ்சநேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே ஊர்ந்துபோய்ப் படுத்துவிட்டாள். நான் துவைகல்லில் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"பாத்தியாக்கா, வந்துட்டாரு. நான் சொன்னேம்லா?"

"வந்துட்டாரு. அடுத்து ஐப்பசிக்காம். அதுக்கப்புறம் மார்கழிக்கு ஒருக்க, சித்திரைக்கு ஒருக்க. அதுதான் நாலு பருவமாம்."

"பெறகென்ன? நாலு தடவ போய்ட்டு நாலு தடவையும் வரப்போறாரு."

"உள்ள படுத்துப் பாத்தேன்லே. கையை நீட்ட இடமில்ல. அப்படித் தேடித் தேடி வாங்கியிருக்காரு."

"லேசா இருக்கணும்லாக்கா. அதுக்காகத்தான்."

"லேசுன்னா என்ன தெரியுமாலே? நான் கூட இல்லாததுதான் லேசு." குரல் உயரவில்லை. "மாமா ஓடிப்போனாரு. அத்தை அழுதா, ஊரே சேந்து அழுதுச்சு. இவரு போய்ட்டுப் போய்ட்டு வருவாரு. நான் யார்ட்டப் போயி என்னன்னு சொல்லி அழ?"

அதுவரைக்கும் நான் சந்தேகப்பட்டதும் கோபப்பட்டதும் ஒன்றுக்கும் உதவாமல் போய்விட்டன. அக்கா சோறு எடுத்துவைக்க உள்ளே போய்விட்டாள்.

அத்தான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். குனிந்து கூடாரத்துக்குள் தடவிப் பார்த்தார். தலைமாட்டில் அவர் கை நின்றுவிட்டது.

"இங்கன ஈரமா இருக்கே. துடைச்சுட்டுல்லா போனேன். எங்கயோ ஒழுகுது. துல்கர்னைன் என்னை ஏமாத்திட்டான்."

"அது ஒழுகல அத்தான். அக்கா அங்கன படுத்திருந்தா."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சொல்வது நிஜம்தானா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. துண்டைக் கொடியில் போட்டுவிட்டு அக்கா இருந்த பக்கம் போனார்.