நான் ஆமென் சொல்லாத கூட்டம்

சபையார் எல்லாருக்கும் ஞானம்மாள் எழுதுவது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருக்கும். ஞாபகமும் முன்போல் இல்லை. முன்னே நடந்ததைப் பின்னே எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜெபக்கூட்டத்தில் எழுந்து சாட்சி சொல்லச் சொன்னார்கள். நாலு பேர் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

சிவகாசியில் இருந்து சாத்தூர் போகிற வழியில் எங்கள் இல்லம் இருக்கிறது. பட்டாசு ஆலையில் தீக்காயம் பட்டு, வீட்டில் வைத்துப் பார்க்க ஆளில்லாத பெண்கள் அங்கே பிள்ளைகளோடு தங்குவார்கள். நான் அங்கே சமையல் செய்கிறேன். இல்லத்தை நடத்துகிற கமிட்டியில் இல்லத்துக்குள் இருந்தும் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் என் பெயரையும் சேர்த்தார்கள்.

சில வருஷங்களுக்கு முன் வெளிநாட்டில் இருந்து வந்துகொண்டிருந்த காணிக்கை நின்றுபோனது. அதை வாங்குகிற அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. தலைவர் ஐயா சூலக்கரை கலெக்டர் ஆபீசில் போய்க் கேட்டார். டெல்லியில்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கையிருப்பு கரைந்தது. அரிசிக் கடையில் கடன் ஏறி, அங்கே போகவே கூசியது. அந்தச் சமயத்தில் ஒரு அச்சுக் கம்பெனிக்காரர் குடோன் வைக்க இல்லம் இருக்கிற வீட்டை விலைக்குக் கேட்டார். கமிட்டியில் விற்றுவிடலாம் என்று பேச்சு வந்தது.

விற்றால் பெண்கள் அவரவர் ஊருக்குப் போக வேண்டும். மற்றவர்களுக்கு அண்ணன், தங்கை என்று யாராவது உண்டு. முத்துமாரிக்கு ஒருவரும் இல்லை. ஆலை விபத்தில் அவளுக்கு இரண்டு கையும் வெந்து விரல்கள் ஒட்டியிருந்தன. அதே விபத்தில் அவள் புருஷன் இறந்துவிட்டான். ஒன்றாம் வகுப்பு படிக்கிற மகளுக்குத் தலை பின்னிவிடக்கூட அவளால் முடியாது. மதுரையில் இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருந்தது.

சோறு ஊட்டும்போது அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். வாயில் இருந்த சோற்றை மென்று விழுங்கினாள்.

"நான் இருக்கன்குடி அம்மனுக்கு நேந்துக்கிடுதேன் பெரியம்மா. நீங்க உங்க சாமிகிட்ட கேளுங்க. யாரு முந்துறாகன்னு பாப்போம்."

"இதுல போட்டியாடி வைக்கே?"

"பின்னே? ஆபீசுலயே ரெண்டு பேரு சொன்னாத்தான் வேலை நடக்கு."

சிரித்தாள். அப்புறம் அழுதாள். கண்ணைத் துடைக்கவும் அவளுக்குக் கை உதவாது. நான்தான் துடைத்தேன்.

அன்றிலிருந்து ஒரே ஜெபம்தான் செய்தேன். ஆண்டவரே, கூட்டத்தில் பேச எனக்கு வாய் தாரும். அடுப்படியில் சொல்லியும் பார்த்தேன். "ஐயா, முத்துமாரிக்குப் போக்கிடம் இல்லை." அவ்வளவுதான். கூட்டத்துக்குப் போனால் அதுவும் வராது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் கமிட்டியில் அப்போது கை தூக்குகிற வழக்கம் கிடையாது. பேசி முடித்ததும் தலைவர் ஐயா கண்ணை மூடி, எடுத்த முடிவை ஜெபமாகச் சொல்வார். எல்லாரும் ஆமென் சொன்னால் தீர்மானம் நிறைவேறியது. வீடு, நிலம் விற்பதென்றால் ஒருவர் பாக்கியில்லாமல் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதமும் இப்படித்தான். நான் கடைசியில் மெதுவாகச் சொல்வேன். கூட்டத்தில் நான் பேசுவது அந்த ஒரு சொல்தான். என் சத்தம் கேட்ட பிறகே ஐயா கண்ணைத் திறப்பார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து கூடினோம். செயலாளர் தம்பி விலையைச் சொன்னார். பொருளாளர் கிரேஸ் சிஸ்டர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தலையைக் குனிந்தபடி சரி என்றார். யாருக்கும் விற்க மனம் இல்லை. வேறு வழியும் தெரியவில்லை. "ஞானம்மா, ஏதும் சொல்லணுமா?" என்று ஐயா கேட்டார். எனக்கு நாக்கு எழும்பவில்லை. இல்லை என்று தலையாட்டினேன். ஆண்டவர் என்னைக் கைவிட்டார் என்று நினைத்தேன்.

ஐயா ஜெபித்தார். விற்கும் முடிவை ஆசீர்வதிக்கும்படி கேட்டு முடித்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். என் முறை வந்தது. வாய் திறக்கவில்லை. பயம் எனக்குப் பழகினது. இது பயம் இல்லை. உள்ளே யாரோ தாழ்ப்பாள் போட்டதுபோல் இருந்தது. ஐயா கண்ணைத் திறக்காமல் காத்திருந்தார்.

"ஐயா, முடிஞ்சிருச்சு. கண்ணத் தொறங்க" என்றார் செயலாளர்.

"ஞானம்மா இன்னும் சொல்லலயே."

"தூங்கிட்டாகளோ என்னமோ."

"தூங்கல தம்பி" என்றேன்.

"தொண்ட கட்டியிருக்கா அக்கா?" என்று கிரேஸ் சிஸ்டர் கேட்டார்.

"இல்ல சிஸ்டர். சொல்ல வரல. சொல்லிட்டு முத்துமாரி மூஞ்சில எப்படி முழிப்பேன்? அவளுக்குப் போக்கிடம் இல்ல."

செயலாளருக்குக் கோபம். "ஒரு ஆமெனுக்காக வார வெலைய விடச் சொல்லுதீகளா? கரண்டு பில்ல நீங்க கட்டுவீகளா?"

"தெரியல தம்பி."

ஐயா முன்பு தலைமை ஆசிரியர். செயலாளர் அவரிடம் படித்தவர். "ஏலே, சும்மா இரு. ஆமென் சொல்லாத ஜெபத்த எப்படி முடிக்கது? உக்காரு. மறுபடி பேசுவோம்" என்றார்.

கிரேஸ் சிஸ்டர் நிமிர்ந்தார். "இம்புட்டு வருசமா வெளிநாட்டுக்காரககிட்ட கேட்டோம். நம்ம ஊர்ச் சபைககிட்ட ஒரு தடவயாச்சும் கேட்டோமா?"

ஐயா மெல்லச் சொன்னார். "எனக்குக் கூச்சம். கணக்கக் காட்டுன்னு கேப்பாக."

"காட்டுவோம். என்ன, ஒளிச்சா வச்சிருக்கோம்?"

விற்கிற பேச்சு அன்றோடு நின்றது. அடுத்த வாரம் முதல் ஐயா சபை சபையாகப் போனார். வரவையும் செலவையும் எல்லாருக்கும் சத்தமாக வாசித்தார். ஒரு சபையில் முடியாது என்றார்கள். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். மற்ற சபைகளில் பெண்கள் உலை வைக்கும்போது எடுத்து வைக்கிற பிடி அரிசியை எங்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அச்சுக் கம்பெனிக்காரர் முன் அறையை மட்டும் வாடகைக்கு எடுத்து பேப்பர் அடுக்கினார். இல்லத்து வண்டியை விற்றோம். என் சம்பளம் பாதியானது. எனக்கு அது போதும்.

முத்துமாரி அங்கேயே இருக்கிறாள். ஆபரேஷனுக்குப் பிறகு வலது கையில் இரண்டு விரல் மடங்குகிறது. சோற்றை அவளே எடுத்துச் சாப்பிடுகிறாள். கமிட்டியில் இப்போது ஜெபத்துக்கு முன்னே ஒவ்வொருவரையும் கேட்கிறார்கள். நானும் இரண்டு வார்த்தை சொல்கிறேன். போன கூட்டத்தில் கேஸ் அடுப்பு பழுது என்று சொன்னேன். மாற்றித் தந்தார்கள்.

ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். பேசத் தெரியாதவர்கள் உங்களில் இருந்தால் சோர்ந்து போகாதீர்கள். கேளுங்கள். நாம் நினைத்த விதத்தில் வராவிட்டாலும் அவர் பதில் தருவார். நம்பி இருங்கள்.

கணக்கு விஷயத்தில் நான் தப்பாக எழுதியிருந்தால் கிரேஸ் சிஸ்டர் பார்த்துத் திருத்த வேண்டும். முத்துமாரியைப் பற்றி எழுதினதை யாராவது அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவள் சரி என்று சொன்னால் மட்டும் இதை ஜெபக்கூட்டத்தில் வாசியுங்கள்.